எண்ணும் மூலை

முரசுமோட்டையில் இரண்டாம் வகுப்புக்குப் படிப்பிக்கும் கௌசலா டீச்சருக்கு ஒரே பிடிவாதம்: பிள்ளை தொட்டுப் பார்த்துத்தான் படிக்கும். பிள்ளைகள் இருக்கும் வாங்குகளின் வரிசையைக் கலைத்தார். ஒரு பக்கத்தில் மேசை போட்டு, 'எண்ணும் மூலை' என்று எழுதி ஒட்டினார். "வீட்டைச் சுத்திக் கிடக்கிறதில எண்ணக்கூடியதாப் பார்த்துக் கொண்டுவாங்கோ" என்றார். போர் நடந்த இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த ஒருவர் அப்படிச் சொல்லலாமா? சொல்லிவிட்டார். புளியங்கொட்டையும் சோடா மூடியும் வந்து குவிய, சந்தோசத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று காலை யதுர்ஷிகா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ஒன்றை அந்த மேசையில் வைத்தாள். கைக்கு அடக்கமான உருண்டை. துருப்பிடித்திருந்தது. தலையில் ஒரு வளையம்.

கைக்குண்டு என்று கௌசலாவுக்குக் கண்டதுமே தெரிந்தது. கத்தினால் பிள்ளைகள் முண்டியடிப்பார்கள், மேசை ஆடும்.

"எல்லாரும் கையைப் பின்னால கட்டுங்கோ. இண்டைக்கு மாமரத்தடியில வகுப்பு."

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வரிசையாக வெளியே போனார்கள்.

அதிபர் கனகலிங்கம் பொலிசுக்கு அறிவித்துவிட்டு ஓடிவந்தார். "ஆரடி உதைக் கொண்டுவந்தது?"

யதுர்ஷிகா மாமரத்துக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"ஏசாதேங்கோ சேர். பயந்தாப் பிள்ளை ஒண்டும் சொல்லாது." கௌசலா அவள் முன்னால் குந்தினார். "எங்கயம்மா எடுத்தனீங்கள்?"

"கோழிக்கூட்டடியில, டீச்சர். மழைக்கு மண் கரைஞ்சு தெரிஞ்சது."

"இந்தக் குண்டுகளைத் தொடக்கூடாதெண்டு வகுப்பில படம் காட்டினது ஞாபகமில்லையோ?"

"ஓம். அது கண்ணிவெடியெண்டு சிவப்புப் பலகை நட்ட இடத்திலதானே? எங்கட வீட்டில பலகை இல்லை."

படம் காட்டிய அன்று எல்லாரும் ஒரே குரலில் 'தொட மாட்டோம்' என்று ஒப்புவித்ததைக் கேட்டுப் பூரித்துப்போனவர் கௌசலாதான். இப்போது தன்மேலேயே அவருக்கு ஆத்திரம் பொங்கியது.

"மற்றது தம்பியிட்ட இருக்கு" என்றாள் யதுர்ஷிகா. "நான் அவனுக்கு எண்ணப் படிப்பிச்சனான்."

வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின் ஒழுங்கையில் இருந்தது. வழி காட்ட அவளை விட்டால் ஆளில்லை. மற்றப் பிள்ளைகளை அதிபரிடம் விட்டுவிட்டு, கௌசலாவும் அவளும் ஓடினார்கள்.

தாய் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். முற்றத்து மணலில் சின்னவன் சுஜிதன். அவனுக்கு முன்னால் இரண்டு சிரட்டைகள், பக்கத்தில் இன்னோர் உருண்டை.

"ஒண்டு... ரெண்டு..." மூன்றாவதற்குக் கை நீண்டது.

"தொடாதை!" என்று அலறிவிட்டார் கௌசலா. ஏசாதேங்கோ என்று அதிபருக்குச் சொன்னவர்தான். முன்பின் தெரியாத ஆளைக் கண்டு மிரண்ட பிள்ளை, தன் சாமானைப் பறிக்க வருகிறார்கள் என்று எண்ணி, அதை அணைத்துக்கொள்ளக் குனிந்தான்.

யதுர்ஷிகா வேலிப் படலையடியில் நின்றபடியே கைகளைப் பின்னால் கட்டினாள். "தம்பி, அக்காவைப் பார். இப்பிடி."

அவன் நிமிர்ந்து பார்த்தான். சிரித்தான். தானும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தத்தித் தத்தி அக்காவிடம் வந்தான்.

கௌசலா அவனை வாரித் தூக்கி, இரண்டு பிள்ளைகளும் பார்த்திருக்க, வாய்விட்டு அழுதார்.