குட்டியின் முழங்கால்

குட்டி அன்று காலையிலேயே இரண்டு முறை செத்துப் பிழைத்திருந்தாள். குட்டி என்பது ஏழு வயதுப் பிள்ளை அளவில் பஞ்சும் ரப்பரும் வைத்துச் செய்த பொம்மை. சோதனைத் தளத்தின் குறுக்கே அவளைச் சக்கரப் பலகையில் நிறுத்திக் கயிற்றால் இழுப்பார்கள். எதிரே விலை உயர்ந்த புதுக் கார் சீறி வரும். ஓட்டுகிறவன் பிரேக்கைத் தொடக்கூடாது. காரே பார்த்துக் காரே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் குட்டி கை வேறு கால் வேறாகப் பறப்பாள். பொறுக்கி ஒட்டுவது பொம்மைக்காரரின் வேலை. பன்னிரண்டு வருஷம் மூட்டை தூக்கிய தோளுக்கு அது பூ மாதிரி.

கார் ஓட்டுகிறவன் அவர் மனைவியின் தம்பி. கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான்.

"என்ன மாமா, உங்க பொண்ணுக்கு ரோடு தாண்டத் தெரியாதா? நல்லா வளத்தீங்க போங்க!"

"உன்னை நம்ப முடியாமத்தான்டா மேடம் காருக்கே கண்ணு வெச்சிருக்காங்க."

மேடம், அதாவது பிரேக் பொறியாளர், சிரிக்கவில்லை. இரண்டு தோல்விக்குப் பிறகு கணினியில் ஏதோ திருத்திவிட்டு, "அண்ணே, சீக்கிரம்" என்றாள். குட்டியின் முழங்கால் கிழிந்து தொங்கியது. துணி நாடா தீர்ந்துவிட்டது. பெட்டியில், ஏசி குழாய்க்குச் சுற்றும் அலுமினியத் தகட்டு நாடா, வெள்ளி நிறத்தில், கிடந்தது. இரண்டு சுற்றுச் சுற்றிக் கால்சட்டையை மேலே இழுத்துவிட்டார்.

இந்த முறை கார் ஒரு மீட்டர் தள்ளியே நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆறு மாத உழைப்பு. இனி வண்டி ரோட்டுக்குப் போகலாம்.

குட்டியைத் தூக்கியபோது முழங்காலில் மொறமொறவென்று சத்தம். பொம்மைக்காரருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னார்கள்: குட்டிமேல் ஒரு ஊசிகூட இருக்கக்கூடாது. காரின் மூக்கிலுள்ள ராடாருக்கு உலோகம் பளிச்சென்று தெரியும். அப்படியானால் கார் பார்த்தது குட்டியையா, நாடாவையா?

மச்சினனிடம் மெல்லச் சொன்னார்.

"வாய மூடிக்கிட்டு இருங்க மாமா. யாருக்குத் தெரியப்போகுது? வேலையே போயிரும்."

"ரோட்டுல போற புள்ளைங்க எல்லாம் கால்ல வெள்ளி நாடா சுத்திக்கிட்டாடா போகுதுங்க?"

நேரே மேடத்திடம் போய்க் குட்டியின் கால்சட்டையைத் தூக்கிக் காட்டினார். மேடத்தின் முகம் செத்துவிட்டது.

"அறிவு இருக்காண்ணே உங்களுக்கு?"

"இருந்தா மூட்டை தூக்கியிருப்பேனாம்மா?"

அவள் கத்தரிக்கோலை எடுத்துத் தன் கையாலேயே நாடாவை வெட்டி எறிந்தாள். அறைக்குப் போய்த் துணி நாடா கொண்டுவந்தாள். அவர் ஒட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

நான்காவது ஓட்டம். கயிறு இழுத்தது, குட்டி நகர்ந்தாள், கார் வந்தது. டயர் கீச்சிட்டு, மூக்குத் தரையில் குத்துவதுபோல் குனிந்து நின்றது.

குட்டி நின்றுகொண்டிருந்தாள்.

மேடம் ஓடிப்போய் இடைவெளியில் கையை விரித்து வைத்தாள். சரியாக ஒரு சாண். இடிக்காமல் நின்றால் தேர்ச்சி.

"முன்ன ஒரு மீட்டர் இருந்துச்சேம்மா" என்றார் அவர், குற்ற உணர்ச்சியோடு.

"அது நாடாவோட மீட்டர். இந்தச் சாண் நம்மளோடது." இப்போதுதான் சிரித்தாள். "ஆனா இன்னொரு தடவ அந்த நாடாவ இங்க பாத்தேன், உங்களையே குட்டிக்குப் பதிலா நிறுத்திருவேன்."

அவர் மிச்ச நாடாவை மச்சினன் மடியில் எறிந்தார்.

"வீட்டுக்குக் கொண்டு போடா. பக்கெட்டுல ஓட்டைன்னு உங்கக்கா ஒரு மாசமா என் உயிரை வாங்குறா."