அயல்நாட்டு மாமரம்

"ஒரு நாட்டின் நாகரிகத்தை அளக்க அது இறக்குமதி செய்யும் மரத்தின் மதிப்பைப் பார்த்தால் போதும், வேறு எதையும் பார்க்க வேண்டாம்" என்று குற்றாலிங்கம் அண்ணன் பாறசாலை டீக்கடையில் அறிவித்தார். நாங்கள் மரியாதையாக டீயை ஆற்றினோம். அவர் பொருளாதாரத்தில் பி.ஏ. நான் அதே கல்லூரியில் இளையவன், அடுத்த வீட்டுக்காரன் வேறு. ஆகவே கேட்டே தீரவேண்டும்.

இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். தேக்கு, மகாகனி. எத்தனை தடி மரம் என்று எண்ணக்கூடாதாம். மதிப்பைத்தான் ஒப்பிட வேண்டுமாம்.

"இங்கிலாந்து மரத்துக்குக் குடுக்க பணத்துல பாறசாலையைப் பத்து தடவை வாங்கலாம், தெரியுமாலே?"

"யாரு வாங்குவா? மெட்ராசே வேண்டாம்னு விட்டாச்சே" என்றான் மரம் அறுக்கும் பொன்னப்பன்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லை பிரித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று அடிவாங்கியவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அண்ணனின் அப்பா தாணுப்பிள்ளை ஜெயிலுக்கே போனார். தெற்கே நாலு தாலுகா மெட்ராசோடு போயிற்று, நாங்கள் இந்தப்பக்கமே நின்றுவிட்டோம். தாணுப்பிள்ளையின் வீடு கேரளத்தில். எல்லை வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் அவருடைய தோட்டம் மெட்ராஸ் மாநிலத்தில்.

பொன்னப்பனின் அம்மை வீடும் அந்தப்பக்கம்தான். அங்கிருந்து பலாப்பலகையைத் தலையில் ஏற்றி, எல்லைச் சாவடிக்குப் போகாமல் வரப்பு வழியே கொண்டுவருவான்.

"பாஸ் இல்லாத மரம் மதிப்பில்லாத மரம். அதைத் தலையில சுமக்கவன் காட்டுமிராண்டி" என்றார் அண்ணன்.

"எங்க அம்மை வீட்டுப் பிலாவாக்கும், சாரே."

"இப்ப அது அயல்நாட்டுப் பிலா."

அன்றுமுதல் டீக்கடையில் பொன்னப்பனுக்குக் காட்டுமிராண்டி என்றே பெயர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியலில் தாணுப்பிள்ளை இறந்தார். சொந்தத் தோட்டத்து மாமரத்தை வெட்டிச் சிதை அடுக்குவதுதான் எங்கள் வழக்கம். வாங்கின விறகில் எரிந்தால் நாதியற்ற பிணம் என்பார்கள். அவர் நட்ட மாமரம் வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் நின்றது.

"அவரு நட்டதுலதான் அவரு போவணும்" என்றாள் அண்ணனின் அம்மா பிச்சம்மாள். "உங்க எல்லையெல்லாம் எனக்குத் தெரியாது."

பொன்னப்பன் மரத்தை வெட்டித் துண்டு போட்டான். மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு சாவடிக்குப் போனோம். காவலர் நல்லவர், துக்கம் விசாரித்துவிட்டு ஒரு தாளை நீட்டினார்.

"மரத்தின்றெ வில எழுதணம்."

"அப்பாவை எரிக்கதுக்கு உள்ள மரம்."

"மாமரவும் மரமல்லே சாரே. வில?"

அண்ணன் பேனாவைப் பிடித்தபடி நின்றார். இங்கிலாந்தின் மதிப்பு அவருக்கு மனப்பாடம்.

"பூச்சியம்னு போடட்டா அண்ணே?" என்று கேட்டேன்.

பூச்சியம் செல்லாதாம். விலை போட்டால் வரி கட்டவேண்டும். வரி வாங்கும் ஆபீசு நாளைக்குத்தான் திறக்கும்.

வண்டி திரும்பியது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இருட்டிவிட்டால் எரிக்க முடியாது. பிணம் முற்றத்தில் கிடந்தது.

வாய்க்கால் திருப்பத்தில் பொன்னப்பன் வண்டியை நிறுத்தி, தோள்துண்டைச் சும்மாடாகச் சுருட்டினான். அண்ணன் சட்டையைக் கழற்றினார். தன் துண்டையும் அதேபோல் சுருட்டிப் பார்த்தார்; அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது. பொன்னப்பன் அதை வாங்கி, இறுக்கிச் சுருட்டி, அவர் தலையில் வைத்தான்.

"அடித்தடியை எனக்கு ஏத்து, மக்கா" என்றார் அண்ணன், சாவடிப் பக்கம் பார்த்துக்கொண்டே, மிக மெதுவாக.

ஏற்றிவிட்டோம். அவர் வரப்பில் இறங்கி நடந்தார்.