கார் வராத றோட்டு

பிரான்சுக்குப் போகிற மனுஷன் லூர்து மாதாவிடம் போகமாட்டேன் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எங்கள் கோயில் பங்கில் பிரான்சுக்குப் போய் வந்த எவரும் ஒரு போத்தல் லூர்துத் தண்ணீர் இல்லாமல் மொன்றியலில் வந்து இறங்கியதில்லை. என் மனுஷன் அருமைராசாவோ, "நான் சைக்கிள் ஓடப் போறன்" என்றார். அதுவும் மாதாவின் பக்கம் இல்லை. பூர்கோன் என்று ஏதோ ஒரு நாட்டுப்புறமாம். பழைய ரயில் பாதையில் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு, சைக்கிளுக்கென்று தார் போட்டிருக்கிறார்களாம். நாள் முழுக்க ஓடினாலும் பின்னால் ஒரு கார் வராதாம்.

"கார் வராத றோட்டில உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டேன்.

"சும்மா. பாக்கத்தான்."

சும்மா பார்க்க ஒரு மனுஷன் கடல் தாண்டிப் போவானா? வாழ்நாளில் பாதியை ஜான்-டலோன் சந்தையிலிருந்து டவுன்டவுன் சாப்பாட்டுக் கடைகளுக்கு மரக்கறி ஏற்றி வான் ஓடியே கழித்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நடந்து வரவே பஞ்சிப்படுகிற ஆள். போதாததற்கு, வாகனம் இல்லாத றோட்டு என்றாலே எனக்கு ஆகாது. மன்னாரில் சண்டை நாட்களில் றோட்டில் ஒரு வாகனத்தையும் காணவில்லை என்றால் முன்னால் என்னவோ நடந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். வந்த வழியே திரும்பிவிடுவோம். அந்தப் புத்தி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

பின்னேரங்களில் அவர் அந்தப் பாதைகளின் வீடியோவைப் போட்டுப் பார்ப்பார். இரண்டு பக்கமும் கொடிமுந்திரித் தோட்டம், வெள்ளை மாடுகள், தூரத்தில் ஒரு கோயில் கோபுரம், நடுவில் ஆளில்லாத பாதை. மூக்குத் திரையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்திருப்பார். நான் பக்கத்தில் போய் நின்றாலும் தெரியாது. வாய் திறந்தால் திடுக்கிட்டுத் திரும்புவார். மடியில் கனமில்லாத மனுஷன் ஏன் திடுக்கிடவேண்டும்?

"இஞ்சை வடக்கில, மலைப்பக்கமும் இதே மாதிரிப் பழைய ரயில் பாதை இருக்குதெல்லோ. பஸ்ஸில போகலாம். அங்கை ஓடினால் மிதிபடாதோ?"

"பேந்து கதைப்பம்" என்றார். அந்தப் பிறகு வரவே இல்லை.

நான் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். குளிர் முடிகிற நேரம் முதுகு நோகிறது என்று வான் ஓடுவதை விட்டு, சந்தைக்குள்ளேயே வேலை மாற்றிக்கொண்டார். பிறகு பார்க்கிங் கரைச்சல் என்று சொல்லி எங்கள் காரை விற்றார். இருட்டினால் வெளியே வருவதில்லை. ஒருநாள் கோயில் மண்டபத்தில் பக்கத்தில் நின்று கை காட்டினேன். யாரோ அந்நியப் பொம்பிளை என்பதுபோல என்னைக் கடந்து போனார். அந்த இரவு நான் அவரோடு கதைக்கவில்லை. நான் கதைக்காததைக் கூட அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

நான் கோட்-டெ-நெய்ஜில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. என்னோடு வேலை செய்கிற ஜெனாட்டும் எங்கள் ஊர்தான். மத்தியானம் சாப்பிடும்போது அவளிடம் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"அக்கா, றோசா பிரான்சிலதானே?"

றோசா என்பவள் எனக்கு முன்னால் இவருக்குப் பேசப்பட்ட பெண். பேச்சுக்கால் குழம்பிப்போய், அவள் பாரிசில் வேறு ஒருவரைக் கட்டினாள்.

"அவள் குடும்பக்காறி. அவளுக்கு என்ன?" என்றேன்.

"அவளின்ர மனுஷன் செத்து ஒரு வருஷமாச்சாம். உங்களுக்குத் தெரியாதே?"

அன்றைக்குச் சாப்பாட்டை அப்படியே மூடிக் கொண்டுவந்தேன். பிள்ளையைக் கட்டிக் கொடுத்து, இனியாவது இரண்டு பேரும் நிம்மதியாக இருப்போம் என்று நினைத்த வயதில் இந்தச் சீரழிவா என்று பஸ்ஸுக்குள்ளேயே அழுகை வந்தது. என்னை விட்டுவிட்டுப் போகப்போகிறார் என்று அன்று முடிவே கட்டிவிட்டேன்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் "சைக்கிள் பழகப் போறன்" என்று வெளிக்கிடத் தொடங்கினார். ஒரு சனிக்கிழமை அவர் போனபின் உடுப்புத் தோய்க்கக் கீழறைக்கு இறங்கினேன். அவருடைய சைக்கிள் சுவரோடு சாய்ந்து நின்றது. இரண்டு சில்லிலும் காற்று இல்லை. இருக்கையில் தூசி.

அடுத்த சனிக்கிழமை நானும் பின்னால் போனேன். பூசைக்குப் போடுகிற பாவாடையும் வேலைச் சப்பாத்துமாக மெட்ரோவில் அடுத்த பெட்டியில் ஏறினேன். ஒளிவதற்கு நான் பட்ட பாடு வீண். அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. படியில் இறங்கும்போது கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வைத்தார். கள்ளத்தனம் செய்கிறவனுக்குக் கால் நடுங்கத்தானே செய்யும் என்று நினைத்தேன்.

லஷீன் கால்வாய்க் கரையில் ஒரு சின்னக் கொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். எங்கள் மகளின் வயதுதான் இருக்கும். இரண்டு பேர் ஒன்றாக மிதிக்கிற நீளச் சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து, அவருக்கு ஒரு மஞ்சள் மேற்சட்டையைப் போட்டுவிட்டு, அவருடைய முழங்கையைப் பிடித்தாள். அவர் அவளுடைய தோளில் கை வைத்துப் பின் இருக்கையில் ஏறினார். அவள் என்னவோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்தார். வீட்டில் நான் அந்தச் சிரிப்பைக் கண்டு எத்தனை மாதம். றோசாவையாவது ஊர்க்காரி என்று சொல்லலாம், இவள் யார் என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

அவர்கள் போய்த் திரும்பி வருகிற வரைக்கும் மரத்தடியில் நின்றேன். பிறகு, ஒளிந்து நிற்க நான் என்ன பிழை செய்தேன் என்று பாதையின் ஓரத்துக்கே போனேன். என்னைக் கண்டு மனுஷனின் முகம் வெளிறுவதைப் பார்க்கவேண்டும் என்று ஆசையாக இருந்தது. சைக்கிள் வந்தது. அந்தப் பெண் எனக்குப் "போன்ஜூர்" சொன்னாள். அவர் ஒரு முழத் தூரத்தில், சிரித்த முகம் மாறாமல் என்னைக் கடந்து போனார். கையை நீட்டியிருந்தால் கன்னத்தில் பட்டிருக்கும்.

போன பிறகுதான் முதுகு கிட்டத்தில் தெரிந்தது. அந்த மஞ்சள் மேற்சட்டையில் பெரிய எழுத்தில் ஒரு பிரெஞ்சுச் சொல். எனக்கு அந்தச் சொல் தெரியும். நான் கூட்டித் துடைக்கிற வார்டில் சில கட்டில்களின் தலைமாட்டில் அதை ஒட்டியிருப்பார்கள். பார்வை குறைந்தவர் என்று அர்த்தம், கிட்டப் போகும்போது குரல் கொடுக்கவேண்டும்.

"இஞ்சாருங்கோ" என்று கத்தினேன். குசினியிலிருந்து கூப்பிடுகிற அதே குரல்தான் வந்தது.

சைக்கிள் நின்றது. நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் தலையை அங்கும் இங்கும் திருப்பி என்னைத் தேடினார்.

"மாக்கிரட்? நீர் எப்பிடி இஞ்சை?"

மனைவி என்று தெரிந்ததும் அந்தப் பெண் சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்க ஒதுங்கினாள். பார்வை குறைந்தவர்களை முன்னால் இருந்து ஓட்டிக்கொண்டு போக வருகிற தொண்டராம்.

"எவ்வளவு நாளாய்?" என்று கேட்டேன்.

"குளிரிலயிருந்து. நேர பாத்தால் தெரியும். ஓரமெல்லாம் போயிட்டுது. கண் நரம்பாம். மருந்து விடுறன். மிச்சமும் போகுமோ, நிக்குமோ எண்டு டொக்டர்மாருக்கே தெரியேல்லை."

"என்னட்டைச் சொல்ல வாயில்லையோ?"

"சொன்னால் என்னைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு திரிவீர்."

"பின்னை? விட்டிட்டுத் திரியிறதோ?"

அவர் மேற்சட்டையின் நுனியை இழுத்துவிட்டார்.

"அப்ப மாதாவிட்டை ஏன் போகமாட்டன் எண்டனீங்கள்?"

"போறன் எண்டால் என்ன நேத்திக்கடன் எண்டு கேப்பீர். மாதாவின்ர பேரில பொய் சொல்லச் சொல்லுறீரோ?"

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். றோசா என்றால் மயிரைப் பிடித்து இழுத்திருக்கலாம். கண் நரம்போடு நான் எப்படிச் சண்டை பிடிக்கிறது? "நான் றோசா எண்டு நினைச்சன்" என்றேன்.

"எந்த றோசா?"

சத்தியமாக அவருக்கு ஞாபகம் இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்தக் கேள்விக்காக அவரைக் கட்டிப் பிடிக்கவும் தோன்றியது, கால்வாயில் தள்ளவும் தோன்றியது.

"அதுக்கு ஏன் பிரான்ஸ்? இஞ்சை இல்லாத றோட்டோ?"

அவர் தண்ணீர்ப் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"நான் ஊரிலயிருந்து களவாய்க் கனடாவுக்கு வரேக்க பிரான்சுக்குள்ளாலதானே வந்தனான். லொறியில. உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால எங்களைப் படுக்க வைச்சு, மேலால படங்கு போட்டு மூடினவங்கள். ஒரு நாட்டை முழுசாய்த் தாண்டியிருக்கிறன் மாக்கிரட், ஒரு மரத்தைக் காணேல்லை. கார்ச் சத்தமும் லொறிச் சத்தமும்தான். எந்தக் கார் நிக்குதோ, எவன் படங்கைத் தூக்குவானோ எண்டு மூச்சுக்கூட விடேல்லை. ஆரும் கேட்டால் பிரான்சிலயும் நிண்டனான் எண்டு சொல்லுறனான். என்னத்தைப் பாத்தனான்? இருக்கிற கண்ணால அந்த நாட்டை ஒருக்காப் பாக்கோணும். பின்னால ஒரு கார்ச் சத்தமும் கேக்காமல்."

இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தவள் நான். அந்த லொறியைப் பற்றி ஒரு சொல் எனக்குச் சொன்னதில்லை.

"அங்கை முன்னுக்கு ஆர் இருந்து ஓடுறது?" என்றேன்.

"உம்மைத்தான் நினைச்சனான். கேக்கப் பயம்."

"இந்தப் பிள்ளையை முதல் கேட்டு, அது மாட்டன் எண்டதோ?"

"இல்லையப்பா."

மன்னாரில் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய் வந்தவள் நான். பாவாடையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு முன்னால் ஏறினேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இருக்கையை இறக்கித் தந்தாள். தொடங்கும்போது ஆடியது. இரண்டு பேரும் விழுந்தோம் என்றுதான் நினைத்தேன். பிறகு நிமிர்ந்தது. பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. சைக்கிள் கல்லாய்க் கனத்தது.

"மிதிக்கிறீங்களோ?"

"ஓம்."

"பின்னை ஏன் இவ்வளவு பாரம்?"

கொஞ்சத் தூரம் போனபின், "வலப்பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"ஆரோ நாயோட நடந்து போகினம்."

"என்ன நிற நாய்?"

"கறுப்பு" என்றேன். கண் முட்டத் தண்ணீர் நின்றது. எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.