ரேடியோ பேசாத காலை

மணி அடிக்கத் தொடங்கும்போதே போனை எடுத்துவிடுகிற மனிதர் அன்று எடுக்கவில்லை. தொடர்பு கொள்ள இயலவில்லை என்று ஒரு பெண்குரல் பாடம் ஒப்பித்தது. தையலக்கா எண்ணைச் சரிபார்த்து மறுபடி போட்டாள். அதே குரல்.

முதியோர் மையத்தில் செய்திருந்த ஏற்பாடு அது. தனியாக இருக்கிறவர்கள் காலையில் ஒருவருக்கொருவர் போன் பண்ணி, ‘எழுந்தாச்சா, சாப்பிட்டாச்சா’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அவள் பங்குக்கு வந்தவர், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ஓயாமல் பேசுவதால் எல்லோருக்கும் அவர் ரேடியோ. தையல் கடையில் குண்டூசியைப் பல்லில் கடித்தபடியே பாதி ஆயுசைக் கழித்த தையலக்கா ‘ம்’ கொட்டுவதோடு சரி.

மகளுக்குப் போன் செய்தாள்.

“தூங்கிட்டிருப்பாரும்மா. முட்டிவலியோட நீ எதுக்கு அலையறே? மையம் திறந்ததும் சொல்லு, அவங்க பாத்துக்குவாங்க.”

“அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?”

தையலக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் வேண்டாத எண்ணங்கள். குளியலறையில் வழுக்கியிருப்பாரோ? கூப்பிடக்கூட நாதியில்லாமல் கிடக்கிறாரோ?

ரேடியோவின் குடியிருப்பில் லிப்ட் பழுதாகிப் பல மாதங்கள். வார்டு கூட்டத்தில் அவர்தான் மைக்கைப் பிடித்து, “மாடியில இருக்கிற கிழடுங்க இறக்கை முளைச்சா இறங்கி வரணும்?” என்று கேட்டு அதிகாரிகளை உண்டு இல்லை என்று ஆக்கினார். நேற்றுத்தான் சரிசெய்தார்கள். தையலக்கா பொத்தானை அழுத்தினாள். லிப்ட் வரவில்லை. ‘இதுதான் சரிசெஞ்ச லட்சணமா’ என்று முனகிக்கொண்டே படியேறினாள்.

கதவு பூட்டியிருந்தது. தட்டிய சத்தத்துக்கு எதிர்வீட்டுப் பெண் எட்டிப்பார்த்தாள்.

“விடியும்போதே கிளம்பிட்டாரே! லிப்ட்ல நான்தான் முதல் ஆளுன்னு சொல்லிட்டுப் போனாரு.”

“லிப்ட்லயா? நான் அழுத்தினப்ப அது வரவே இல்லையே!” என்றாள் தையலக்கா. எதிர்வீட்டுப் பெண் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்ய ஓடினாள். தையலக்கா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கீழே இறங்கி, ஒவ்வொரு மாடியிலும் லிப்ட் கதவில் காதை வைத்தாள். ஓரிடத்தில் லேசாகத் தட்டும் சத்தம் கேட்டது.

“அண்ணே! உள்ளேயா இருக்கீங்க?”

“தையலம்மா…” கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. “இருட்டா இருக்கும்மா. மூச்சு முட்டுது.”

“ஆளுங்க வந்துட்டே இருக்காங்கண்ணே. உக்காந்துக்குங்க.”

“நீங்க போயிடாதீங்க. ஏதாவது பேசுங்க.”

என்ன பேசுவது? வாயில் வந்ததைச் சொன்னாள்.

“எங்கிட்ட ஒரு பெரிய மனுசர் பேன்ட் தைக்க வருவாரு. அளவெடுக்கும்போது தொப்பை தெரியக்கூடாதுன்னு மூச்சை இழுத்துப் பிடிச்சுக்குவாரு. தைச்சுக் குடுத்தா பட்டன் போட வராது. துணியைத் திருடிட்டேன்னு கடைவாசல்ல நின்னு கத்துவாரு.”

“அப்புறம்?”

“அடுத்த தடவை அவருக்குத் தும்மல் வர்ற வரைக்கும் டேப்பைப் பிடிச்சுட்டு நின்னேன்.”

உள்ளே சிரிப்பு மாதிரி ஏதோ கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

“அண்ணே? அண்ணே!”

தையலக்கா கதவை அறைந்தாள். கை வலித்ததுகூடத் தெரியவில்லை. “ஏதாவது சொல்லுங்கண்ணே, திட்டவாவது செய்யுங்க!” குரல் உடைந்து அழுகையாக வந்தது.

தீயணைப்புக்காரர்கள் வந்து கதவை நெம்பித் திறந்தபோது, இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றிருந்த பெட்டிக்குள் அவர் சுவரில் சாய்ந்து கிடந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண் திறக்கவில்லை. ஆம்புலன்ஸில் பாதி வழி போன பிறகுதான் உதடு அசைந்தது. “தண்ணி” என்றார். தையலக்கா அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள்.

இதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பயத்தில் மயங்கியிருக்கிறார் என்றார் டாக்டர்.

அவர் வீடு திரும்பிய அன்று குடியிருப்பு மேலாளர் வாசலிலேயே காத்திருந்தார்.

“லிப்ட் இப்ப பக்காவா இருக்குங்கய்யா. தைரியமா ஏறுங்க.”

ரேடியோ லிப்டுக்குள் எட்டிப்பார்த்தார். தையலக்காவின் தோளை விடவில்லை.

“முதல்ல நீங்க போயிட்டு வாங்க சார். நாங்க இங்கயே நிக்கிறோம்” என்றார்.

மேலாளர் லிப்டைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார், காலரைத் தளர்த்திக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமியபடி, “தரைத்தளத்துல ஒரு வீடு காலியா இருக்குங்கய்யா” என்றார்.