தட்டில் திரும்ப வைத்த வசனம்

லிங்கராஜபுரத்தில் எந்த வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பது எதிர்வீட்டு நோராவுக்குத் தெரியும். அதனால் சின்னப்பாவின் கழுத்துக் கட்டி தெருவுக்கே தெரிந்துபோனதில் அதிசயமில்லை. செவ்வாய்க்கிழமை கட்டியில் ஊசி குத்திச் சோதனைக்கு எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் என்றார்கள். வெள்ளி மத்தியானமும் தாண்டியாயிற்று, லேபிலிருந்து போன் இல்லை.

தெருவுக்குத் தெரியாத ஒன்று அவர் மனைவி ஆஞ்சலாவிடம் இருந்தது.

புதுவருஷத்தன்று காலை ஆராதனை முடிந்து, வழக்கம்போல் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். வருவதுதான் அந்த வருஷத்துக்குக் கர்த்தர் தரும் வார்த்தை. ஆஞ்சலாவுக்கு வந்தது காத்திருக்கச் சொல்லும் வசனம். வருஷம் பூராவுமா? பார்டர் பிடிக்காத புடவையைத் தள்ளுவதுபோல் அதை மேலாகவே வைத்துவிட்டு, அடியிலிருந்து இன்னொன்றை உருவினாள். ஆரோக்கியம் என்று வந்தது. ஃபிரிட்ஜில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டவும் செய்தாள்.

பத்தாம் நாள் ஷேவ் செய்யும்போது சின்னப்பாவின் விரலில் கட்டி தட்டுப்பட்டது.

அன்றிலிருந்து ஃபிரிட்ஜ் பக்கம் போகவே அவளுக்குப் பயம். வெளியே கிடந்த பால் தினமும் திரிந்தது. அந்த ஆரோக்கியம் யாருக்கு வர வேண்டியதோ. எடுத்துவந்து மாட்டியிருக்கிறாள். இனி எந்த முகத்தோடு ஜெபிப்பது?

மூன்று மணிக்குப் பொறுக்கமாட்டாமல் நோராவிடமே போய்க் கொட்டினாள். நோராவிடம் போய்ப் பாவ அறிக்கை செய்தாள் என்றால் எவ்வளவு பயந்திருப்பாள், பார்த்துக்கொள்ளுங்கள்.

நோரா பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை. "பார்த்தேனே. உன் பின்னாடிதான நின்னேன்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களாக்கா?"

"எப்படிடி சொல்றது? அடுத்து எனக்கும் அதேதான் வந்துச்சு. நானும் திரும்ப வச்சிட்டேன். எனக்கப்புறம் பாஸ்டரம்மாவும்." கத்தி நின்றது. "சும்மா உன்னை மட்டும் சாமி பிடிச்சுக்கிட்டாருன்னு நினைக்காத. அந்த கார்டு இன்னும் சர்ச்லதான் கிடக்கும்."

கிடந்தது. சர்ச் பெருக்கும் வள்ளியம்மா அலமாரியிலிருந்து தட்டை எடுத்துத் தந்தாள். பல கை பட்டு முனை மடங்கிய அட்டை. அதை எடுத்துக்கொண்டு சர்ச் கேட்டைத் தாண்டுவதற்குள் லேபிலிருந்து போன் வந்தது.

"இன்னொரு டெஸ்ட் பண்ணணும் மேடம். ரிசல்ட் அடுத்த வெள்ளிக்கிழமைதான்."

அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வாசலிலேயே நின்றிருந்தார் சின்னப்பா, கழுத்தில் மஃப்ளர். "என்ன சொன்னாங்க?"

"காத்திருக்கச் சொல்றாங்க."

"லேப்லயா?"

"அங்கயும்தாங்க."

உள்ளே போய் ஆரோக்கியத்தைக் கழற்றிவிட்டு, மடங்கிய முனையை நகத்தால் நீவி, கொண்டுவந்ததை மாட்டினாள். அட்டை கோணலாகத்தான் நின்றது. பின்னாலேயே வந்த சின்னப்பா காந்தத்தை நகர்த்தி நேராக்கினார்.

ஆஞ்சலா ஃபிரிட்ஜைத் திறந்து பாலை உள்ளே வைத்தாள்.