உட்கார்ந்து பிடிக்க மாட்டேன்

ஐலி கொஸ்கெலாவின் பார்வையில் நடுப்பகுதி மட்டும் அழிந்துபோயிருந்தது. ஓரத்தில் இருப்பது தெரியும். நேரே பார்த்தால் அங்கே ஒரு சாம்பல் நிறக் கறைதான். என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் என் காதுக்கு அப்பால் எங்கோ பார்ப்பாள். தெரியாதவர்கள் அதைத் திமிர் என்பார்கள். கண் நன்றாக இருந்த காலத்திலும் அப்படித்தான் சொன்னார்கள் என்பது வேறு விஷயம். பியூட் நகரத்துச் சுரங்கப் பள்ளத்தில், வீட்டு உயரத்துக்கு நிற்கும் தாது லாரியை ஓட்டியவள் அவள். "இது பொம்பளை ஓட்டற வண்டியா?" என்று கேட்ட மேஸ்திரியின் சாப்பாட்டுப் பெட்டி மேல் முன்சக்கரத்தை ஏற்றி இறக்கிக் காட்டினாள்.

நான் ஸோர்கா. அதே ஊரில் முடி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். ஐலியும் நானும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக இருக்கிறோம். அவளுக்கு ட்ரவுட் மீன் என்றால் உயிர். எனக்கு மீன் வாடையே ஆகாது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அவளோடு ஆற்றுக்குப் போனதில்லை.

வசந்தம் பிறந்ததும் டாக்டர் அவளிடம் இனிமேல் கார் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். மறுபேச்சு இல்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டாள். எல்லோருக்கும் ஆச்சரியம். அந்தத் தைரியத்தில்தான் அவள் தம்பி ரெய்னோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் பேச்சை எடுத்தான். நானும் அங்கே இருந்தேன்.

"அக்கா, இந்த வருஷமும் மேடிசன் ஆத்துக்குப் போவோம். நான் துடுப்புப் போடறேன். நீ முன் சீட்டுல லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கிட்டு உக்காந்துக்க. லயன்ஸ் பாலத்துக்குக் கீழ இறங்கினா ஜாலியா மிதந்துக்கிட்டே வரலாம்."

"மிதக்கறதுக்கு நான் என்ன கட்டையா?"

"தண்ணில இறங்க வேணாம்னுதான் சொல்றேன். கண்ணு நல்லா இருக்கறவனே அந்தக் கல்லுல வழுக்கி விழறான்."

"விழுந்தா எழுந்திருக்கறானா இல்லையா?"

"அக்கா!"

"நான் உக்காந்து மீன் பிடிச்சதில்லைடா. இனிமேலும் பிடிக்க மாட்டேன்."

கிளம்பும்போது ரெய்னோ அவளுடைய தூண்டில்கோல்களையும், மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டையையும், ஆணி பதித்த பூட்ஸையும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டான். "என்கிட்ட பத்திரமா இருக்கும்" என்றான். ஐலி வாசலில் நின்று வண்டிச் சத்தம் தேய்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. அவள் திட்டாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

மறுநாள் என் கடைக்கு வந்து காலி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏண்டி, உன் பிக்கப் வண்டி ஓடுதா?"

"ஓடுது."

"ஜூலை பிறந்ததும் கடையை மூடு. நீயும் நானும் மேடிசனுக்குப் போறோம்."

"நானா? எனக்கு மீனைத் தொட்டாலே குமட்டுமே."

"நீ தொட வேணாம். எனக்கு ரெண்டு கண்ணு வேணும், அவ்வளவுதான்."

திட்டத்தை ஏற்கெனவே மனதில் போட்டு வைத்திருந்தாள். லயன்ஸ் பாலத்திலிருந்து ஆற்றின் மேல்போக்கில், ஏரி வரைக்கும் உள்ள நீளத்தில் படகிலிருந்து தூண்டில் வீசக் கூடாது என்பது சட்டம். இறங்கி நின்றுதான் வீச வேண்டும். "அங்கதான் போறோம்" என்றாள். "மூணு டாலர் பாலத்துக்கிட்ட. ரெய்னோ அவன் படகைத் தலையில வெச்சுக்கிட்டு வரட்டும்."

மனைவியை அழைத்துப்போக வந்திருந்த கிழவர் ட்ரிகோனிங் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் பழைய தூண்டில்காரர்.

"ஜூலையிலயா? சால்மன் ஈ பறக்கற நேரம்மா அது, மீனுக்கு விருந்து. நாடே அங்க வந்து நிக்கும். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. செப்டம்பர்ல போ, ஆறு காலியா இருக்கும்."

"செப்டம்பர்ல கொசு மாதிரி பொடிப் பூச்சி, ட்ரிகோனிங். மீன் அதை உறிஞ்சினா சத்தமே வராது. சால்மன் ஈ விரல் நீளம் இருக்கும். மீன் அதை அடிச்சா கதவை அறைஞ்சு சாத்தற மாதிரி கேக்கும். எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அது சரிதான்" என்றார். அவர் மனைவி, "நீங்க சும்மா இருந்திருக்கலாம்" என்றாள்.

அன்றிலிருந்து எனக்குப் பயிற்சி. இறகும் நூலும் கட்டிய பொய்ப்பூச்சியைத் தூண்டில் நரம்பின் நுனியில் முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். அந்த முடிச்சு ஐலிக்கு இனிமேல் வராது. வாடிக்கையாளர் தலையில் சாயம் ஊறுகிற நேரத்தில் நான் மேஜை இழுப்பறைக் கைப்பிடியில் முடிந்து முடிந்து அவிழ்த்தேன். ஒரு நாள் திருமதி ட்ரிகோனிங்கின் முடியிலேயே போட்டுப் பார்த்தேன். அவிழ்க்க முடியாமல் கத்தரிக்க வேண்டியதாயிற்று. மாலையில் பள்ளிக்கூட மைதானம். அங்கேதான் திசை சொல்லப் பழகினேன். கடிகார முள்ளை வைத்துச் சொல்ல வேண்டும்: நேர் எதிரே பன்னிரண்டு, இடது கைப்பக்கம் ஒன்பது. நான் புல்லில் ஒரு துண்டை விரித்துவிட்டு, "பத்து மணி, உன் லாரி நீளம்" என்று கத்துவேன். அவள் கை பின்னால் போய் நின்று, பிறகு முன்னால் வரும். பையன்கள் பந்து விளையாடுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். சுரங்கத்தில் வண்டி ஓட்டிய அந்த முரட்டுக் கையில் அப்படி ஒரு நளினம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பழைய இரவல் கோலை வைத்துப் பழகியது போதும் என்று ஒரு நாள் காலையில் சொன்னாள். வண்டியை நேரே ரெய்னோ வீட்டுக்கு விட்டேன். அவன் கொட்டகையில் துடுப்புக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். ஐலி சுவரைத் தடவிக்கொண்டே போய் தன் கோல்களைக் கையாலேயே கண்டுபிடித்தாள்.

"தொடாத அக்கா."

"இதுல பேர் பொறிச்சிருக்கு. உனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுதே, படி. யார் பேரு?"

அவன் என் பக்கம் திரும்பினான். "ஸோர்காக்கா, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"நான் சொல்லி இவ என்னிக்குடா கேட்டிருக்கா? அந்த ஊதாரியைக் கட்டிக்காதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாளா?"

ரெய்னோவுக்குச் சிரிப்பு வரவில்லை. "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்றது?" என்றான். குரல் உடைந்துவிட்டது.

ஐலி அவன் இருந்த பக்கம் திரும்பினாள். "அழு. வேணுங்கற மட்டும் அழு. ஆனா நான் உயிரோட இருக்கறப்பவே ஆரம்பிக்காத."

பூட்ஸையும் ரப்பர் கால்சட்டையையும் தேடி எடுத்தது நான்தான். அவன் தடுக்கவில்லை, உதவவும் இல்லை.

மூன்று டாலர் பாலத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ட்ரிகோனிங் சொன்னது அப்படியே இருந்தது. எந்தெந்த மாநிலத்து வண்டியோ நின்றது. என் பிக்கப்பை ஒரு பள்ளத்தில் சாய்த்து நிறுத்தினேன். ஐலி என் தோளில் கை வைத்துக்கொள்ள, கரையோரமாக மேல்நோக்கி நடந்தோம். வில்லோ புதர் முழுக்க அந்த ஈக்கள் ஊர்ந்தன. ஆரஞ்சு வயிறு, நீள இறக்கை. ஒன்று என் கழுத்துக்குள் இறங்கியது. நான் போட்ட அலறலில் எதிர்க்கரையில் நின்றவன் திரும்பிப் பார்த்தான்.

"நல்லது" என்றாள் ஐலி. "பூச்சி வந்திருக்கு."

அவள் கேட்ட அடையாளத்தை வைத்து இடம் கண்டுபிடித்தேன்: ஒரு பெரிய பாறை, அதற்குக் கீழே அமைதியான நீர். முடிச்சுப் போட்டேன். அவள் இழுத்துப் பார்த்து, "பரவாயில்லை" என்றாள். அவளிடம் அது பெரிய பாராட்டு.

ஊன்றுகோலோடு அவள் முழங்கால் ஆழத்தில் நின்றபோது, வெளியூர்க்காரர்களை மீன்பிடிக்க அழைத்து வரும் வழிகாட்டி ஒருவன் வந்தான். இளவயது, கறுப்புக் கண்ணாடி, பின்னால் புத்தம்புது உடுப்பில் இரண்டு பேர்.

"மேடம், இந்த இடம் உங்களுக்குச் சரிப்படாது. பாலத்துக்குக் கீழ நல்லா நிக்கறதுக்குத் தோதா இருக்கும்."

"யாருக்குத் தோதா?"

"இல்ல, உங்களுக்குக் கண்ணு…"

"கண்ணு என்னோடது, கவலையும் என்னோடது. உனக்கு என்ன வேணும்? இந்த இடமா?"

அவன் முகம் சிவந்தது. "இவங்க சிகாகோலேருந்து வந்திருக்காங்க."

"நான் பியூட்டுலேருந்து வந்திருக்கேன். முன்னாடியே வந்திருக்கேன்."

ஆற்றில் முதலில் வந்தவருக்குத்தான் இடம். அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் போகாமல் சற்றுத் தள்ளி நின்றுகொண்டான். ஐலிக்கு அவன் நிற்பது புரிந்தது. இன்னும் இரண்டடி உள்ளே போனாள். நீர் இடுப்பைத் தொட்டது.

"பதினொரு மணி, லாரி நீளத்துக்கு ஒண்ணரை" என்றேன். பொய்ப்பூச்சி பாறையை உரசி விழுந்தது. அடுத்த கணம் தண்ணீர் வெடித்தது. "இப்போ!" என்று கத்தினேன். அதற்குள் மீன் போய்விட்டிருந்தது.

"நீ சொல்றதுக்குள்ள அது கல்யாணம் பண்ணிப் பிள்ளையும் பெத்துடும்டி."

மறுபடி வீசினாள். மறுபடி தவறியது. இன்னும் ஒரு எட்டு வைத்தாள். அந்த எட்டில்தான் கல் புரண்டது. ஊன்றுகோல் ஒரு பக்கம் போக, அவள் ஒரு பக்கம் சாய்ந்தாள். தொப்பி மட்டும் மேலே தெரிந்தது.

நான் ஜீன்ஸோடு குதித்தேன். குளிர் நெஞ்சை அறைந்தது. அவள் பெல்ட்டை நான் ஒரு பக்கமும் அந்த வழிகாட்டி ஒரு பக்கமும் பிடித்துக் கரைக்கு இழுத்தோம். கோலை அவள் விடவேயில்லை. புல்லில் மல்லாந்து கிடந்து இருமினாள். முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது.

"நான்தான் சொன்னேனே மேடம்" என்றான் அவன். ஏளனமாகச் சொல்லவில்லை. அவனும் தொப்பலாக நனைந்திருந்தான்.

"இழுத்துப் போட்டதுக்கு நன்றி தம்பி. சொன்னதுக்கு இல்லை."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "போதும்டி! வீட்டுக்குப் போலாம். ரெய்னோ சொன்னது சரிதான்."

அவள் எழுந்து உட்கார்ந்து தலைமுடியைப் பிழிந்தாள்.

"பயமா இருக்கா?" என்றேன்.

"இருக்கு. அதுக்கு என்ன இப்போ? என் ஊன்றுகோல் எங்க?"

அது சற்றுக் கீழே கிளையில் மாட்டியிருந்தது. கொண்டுவந்து கொடுத்தேன். அவள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "இந்தப் பூச்சி விழறது கரையோரத்துல. மீனும் அங்கதான் நிக்கும். அந்தப் பையன் பாக்கறான்னு வீம்புக்குத்தான் உள்ள போனேன். முட்டாள்தனம்."

இந்த முறை கணுக்கால் ஆழத்தில் நின்றாள். வழிகாட்டி தன் ஆட்களோடு மேலே நகர்ந்துவிட்டான். "ஒரு மணி, புதருக்கு அடியில" என்று சொல்லிவிட்டு, இந்தத் தடவை "இப்போ" என்று கத்தக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து ஆற்றின் இரைச்சலுக்குள் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். சடாரென்று ஒரு சத்தம். எனக்கு உறைப்பதற்குள் அவள் கை உயர்ந்துவிட்டது. கோல் வளைந்தது.

மீன் நடு ஆற்றுக்கு ஓடியது. அவள் நரம்பை விட்டாள், இழுத்தாள், கெட்ட வார்த்தையில் பேசினாள், கொஞ்சினாள். நான் கைவலையோடு பாய்ந்து ஒரு தடவை தண்ணீரை அள்ளினேன், ஒரு தடவை பாசியை அள்ளினேன். பிறகு மீனும் விழுந்தது. பெரிய மீன் இல்லை, முழம்கூட வராது. பொன்னிற வயிறு, சிவப்புப் புள்ளிகள். ஐலி கையை நனைத்துக்கொண்டு தலையிலிருந்து வால் வரைக்கும் அதைத் தடவினாள்.

"என்ன நிறம்?"

சொன்னேன். முதல் தடவையாக எனக்குக் குமட்டவில்லை. அவள் கையைத் தளர்த்தினாள். மீன் ஒரு கணம் அங்கேயே நின்றுவிட்டுப் போனது.

சாயங்காலம் நாங்கள் திரும்பி வந்தபோது என் பிக்கப்புக்குப் பக்கத்தில் ரெய்னோவின் வண்டி நின்றது. இடத்தை ட்ரிகோனிங் சொல்லியிருக்க வேண்டும். படகு கொண்டுவரவில்லை. நனைந்த உடையையும் முழங்கையில் கட்டிய என் கைக்குட்டையையும் பார்த்தான்.

"விழுந்தியா?"

"விழுந்தேன்."

"அப்புறம்?"

"எழுந்து, ஒண்ணு பிடிச்சேன்."

அவன் வண்டிக்குள் குனிந்து, காகிதத்தில் சுற்றிய பேஸ்டிகளை, மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்டவை, எடுத்து நீட்டினான். இன்னும் சூடு ஆறவில்லை. மூன்று பேரும் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"நாளைக்கு நானும் வரேன்க்கா. பக்கத்துல நின்னு உன்னைப் பிடிச்சுக்கறேன்."

ஐலி வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். "நாளைக்கு வேணாம். நாளைக்கு இவளுக்கு வீசக் கத்துக் குடுக்கப் போறேன். நாளன்னிக்கு வா. வந்தா உன் தூண்டிலை எடுத்துக்கிட்டு வா. என்னைப் பிடிக்கறதுக்குன்னு வராத."

"எனக்கா? நான் எப்போ கத்துக்கறேன்னு சொன்னேன்?" என்று கேட்டேன்.

நான் கேட்டதை யாரும் காதில் வாங்கவில்லை. ரெய்னோ தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டே இன்னொரு பேஸ்டியைப் பிரித்தான்.