சாம்பிராணிப் புகை போன பக்கம்

சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனக் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவில் அருள்மொழிக்கு வேலை. தினமும் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ். அந்த வாரம் முழுக்க பஸ்ஸில் அவள் வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தது. பக்கத்து சீட்டுக்காரர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள். வாயு கசிந்தால் ஊர்மக்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பேச்சைத்தான் அவள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

இதுவரை மேலாளர் ஆனந்தநடராஜன்தான் ஊர் ஊராகப் போய் அதைப் பேசிவந்தார். தொண்டை கட்டிக்கொள்ளவே இந்த முறை அவள் தலையில் கட்டிவிட்டார். அவர் பேச்சைக் கேட்டவர்களுக்கு நினைவில் நின்றதெல்லாம் கடைசியில் கொடுத்த சமோசாதான். தன் பேச்சு அப்படிப் போய்விடக் கூடாது என்று அருள்மொழிக்கு ஒரு வைராக்கியம். நிஜமாகவே கசிந்தால் யோசிக்க நேரம் இருக்காது. கேட்டது காலுக்கு நினைவிருந்தால்தான் உயிர் தப்பும்.

கணவன் இளவரசுவை உட்காரவைத்துப் பேசிக் காட்டினாள்.

"நியூஸ் வாசிக்கிற மாரி இருக்கு," என்றான் அவன். "எதுனா செஞ்சி காட்டு. வெறுமன சொன்னா யாரு ஞாபகம் வச்சிக்குவாங்க?"

அது அவளுக்குச் சரியாகப் பட்டது. மறுநாள் கைப்பையில் ஒரு பாக்கெட் கப் சாம்பிராணி போட்டுக்கொண்டாள்.

கம்பெனிக்கு மேற்கே இருந்த ஊரில், திடலில் சாமியானா போட்டுக் கூட்டம். வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். மேலாளர் முன்வரிசையில் மப்ளரோடு உட்கார்ந்திருந்தார். முதல் இரண்டு வாக்கியங்களில் அருள்மொழிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு பேச்சு ஓடத் தொடங்கியது. ஈரத்துணியால் மூக்கைப் பொத்தச் சொன்னாள். அடுப்பை அணைக்கச் சொன்னாள். கடைசியாக, மேலாளர் எழுதிக்கொடுத்தபடியே, சைரன் ஊதினால் எல்லாரும் புயல் பாதுகாப்பு மையத்தில் கூட வேண்டும் என்றாள்.

"சைரன் ஊதுனா எங்க போவீங்க?"

"மையத்துக்கு," என்றார்கள் ஒரே குரலில். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பிறகு கிழக்கு ஓரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதன்மேல் சாம்பிராணியைக் கொளுத்தினாள்.

"இதான் கம்பெனின்னு வச்சிக்குங்க. வாயு எப்பிடிப் பரவுதுன்னு பாருங்க."

கடல்காற்று எழுந்துவிட்ட சாயங்கால வேளை. புகை மேலே போகவில்லை. தாழ்ந்து, உட்கார்ந்திருந்தவர்களின் தலைக்கு மேலாக மேற்கே போனது. அது போன பக்கமே அருள்மொழியும் பார்த்தாள். திடலைத் தாண்டி நேர் எதிரே நின்றது புயல் மையம்.

அவள் எல்லாரையும் கூடச் சொன்ன இடம். அவளே கொள்ளிடக்கரைக் குமராட்சியில் பிறந்தவள்தான். ஆற்றில் வெள்ளம் வந்தாலும் மையம், புயல் வந்தாலும் மையம் என்றே வளர்ந்தவள். பேச்சை எழுதிய மேலாளரும் இந்த மாவட்டத்துக்காரர். ஆபத்து என்றால் எல்லார் காலும் அங்கேதான் போகும். அந்த வரியை ஒரு வாரம் மனப்பாடம் செய்தும் அவளுக்கு உறுத்தவே இல்லை.

மேலாளர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். சமோசா டிரே வந்துவிட்டது. இப்போது வணக்கம் சொல்லி முடித்தால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

"நான் இப்ப சொன்னது தப்பு," என்றாள் அருள்மொழி. "பொகை எங்க போவுது பாருங்க. மையத்துக்கு ஓடுனா வாயு கூடவே நாமளும் ஓடுறோம். மையம் புயலுக்குத்தான். இதுக்கு இல்ல."

கூட்டம் சலசலத்தது. அமிர்தம் என்ற பெண் எழுந்து, "அப்ப எங்கதாம்மா போறது?" என்றாள்.

"காத்துக்குக் குறுக்கால. இன்னிக்கி மாரி அடிச்சா, வடக்க கோயில் பக்கம். எழுந்திரிங்க, போயே பாத்துருவோம்."

முனகிக்கொண்டே எழுந்தார்கள். பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கோயில்வரை நடந்தார்கள். சமோசா ஆறிப்போனது.

திரும்பும்போது காரில் ஆனந்தநடராஜனும் அவளும்தான். திட்டு வாங்கத் தயாராக இருந்தாள் அருள்மொழி. மேம்பாலம் தாண்டும்போது அவர் கட்டிய தொண்டையில் மெல்லச் சொன்னார்.

"இத்தினி ஊர்லயும் நான் மையம்னுதாம்மா சொல்லிட்டு வந்திருக்கேன். எல்லாரும் தலையாட்டுனாங்க."

"சமோசாதான் சார் ஞாபகம் இருக்கும் அவுங்களுக்கு," என்று சொல்ல நினைத்தாள். அப்படியே இருந்துவிட்டால் எவ்வளவு நல்லது என்றும் நினைத்தாள்.

"நாளைக்கி மொதல்ல எந்த ஊருக்கு சார் போறோம்?" என்று கேட்டாள்.